தண்ணிக்கு நடுவுல கொதிக்கும் இன்ஜின்: ஓலே எவின்ரூட்டின் கதை



ஐ.சி. இன்ஜின் பாடத்துல கூலிங் சிஸ்டம்னு ஒரு பகுதி வரும். ஏர் கூலிங், வாட்டர் கூலிங், ரெண்டுக்கும் நாலு வித்தியாசம், பக்கத்துல ஒரு படம். எழுதினா மார்க். ஹாலை விட்டு வெளிய வந்ததும் மறந்துடும். ஆனா கரையில இருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னப் படகுல தனியா இருக்குற ஆளுக்கு அது மார்க் சமாச்சாரம் இல்ல, வீட்டுக்குத் திரும்புற சமாச்சாரம். இன்ஜின் சூடாகி நின்னுட்டா அங்க மெக்கானிக் ஷாப் கிடையாது. ஓரமா நிறுத்துறதுக்கு ரோடும் கிடையாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் படகு போகும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பைக் சூடானா சுத்தி வெறும் காத்துதான். படகைச் சுத்தியோ கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி. அவ்வளவு தண்ணிக்கு நடுவுல இருந்துகிட்டு ஒரு இன்ஜின் எப்படி ஓவர்ஹீட் ஆகும்?

இந்தக் கேள்வியோட சேர்த்துச் சொல்ல வேண்டிய பேர் ஓலே எவின்ரூட். படகுக்குப் பின்னாடி மாட்டி ஓட்டுற அவுட்போர்டு மோட்டாரை சாதாரண மனுஷன் நம்பி வாங்குற பொருளா மாத்தினவர். நம்ம கடற்கரைகள்ல ஃபைபர் படகுக்குப் பின்னால தொங்குற அவுட்போர்டு மோட்டாரை எல்லாரும் பாத்திருப்போம். மேல இன்ஜின், நடுவுல நேரா இறங்குற ஷாஃப்ட், கீழ ப்ரொப்பெல்லர். இந்த வடிவம் நிலைச்சு நின்னதுக்கு அவர் முக்கியமான காரணம்.

ஏரிக்கரைப் பையன்

ஓலே பிறந்தது 1877 ஏப்ரல் 19, நார்வே நாட்டுல. அந்தக் காலத்துல நார்வேயில இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிச்சு. ஓலேவோட குடும்பமும் அதுல ஒண்ணு. அவர் சின்னக் குழந்தையா இருக்கும்போதே விஸ்கான்சின் மாநிலத்துல கேம்ப்ரிட்ஜ் என்ற ஊர்ப் பக்கம் வந்து விவசாயம் பார்க்க ஆரம்பிச்சாங்க. வீட்டுக்குப் பக்கத்துலயே ரிப்லி ஏரி. விவசாயி வீட்டுப் பையன், ஆனா மனசெல்லாம் மெஷின்லயும் படகுலயும்தான். டீன் ஏஜ்லயே தன் கையால பாய்மரப் படகு கட்டி ஏரியில விட்டார்.

16 வயசுல வீட்டை விட்டுக் கிளம்பி மேடிசன் நகரத்துக்குப் போனார். விவசாய மெஷின் சம்பந்தப்பட்ட இடங்கள்ல வேலை. இன்ஜினியரிங் காலேஜ் எதுலயும் அவர் சேரல. பகல்ல வேலை பார்த்துட்டு மிச்ச நேரத்துல தானா புத்தகம் வாங்கிப் படிச்சார். அதுக்கப்புறம் பிட்ஸ்பர்க், சிகாகோ, மில்வாக்கின்னு ஊர் ஊரா மெஷின் ஷாப்கள்ல வேலை செஞ்சார். நமக்கு இன்டர்ன்ஷிப் 15 நாள். அவருக்கு அது பல வருஷம் ஓடிச்சு.

மில்வாக்கியில ஈ.பி. ஆலிஸ் கம்பெனியில பேட்டர்ன் மேக்கரா இருந்தார். ஃபவுண்டரி லேப் ஞாபகம் இருக்கா? ஒரு இரும்புப் பாகத்தை வார்க்கணும்னா முதல்ல அதே வடிவத்துல மரத்துல ஒரு பேட்டர்ன் செய்யணும். அதை மணல்ல அழுத்தி மோல்டு எடுத்து, அந்தக் குழியில உருகின உலோகத்தை ஊத்தணும். உள்ள வெற்றிடம் வேணும்னா மணலாலயே ஒரு கோர் செஞ்சு நடுவுல வைக்கணும். பேட்டர்ன் மேக்கர் மரத்தச்சர் மாதிரி தெரிவார். ஆனா உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும், எங்க விரிசல் விடும், எந்த இடம் கடைசியா உறையும்னு எல்லாத்தையும் முன்கூட்டியே மனசுல ஓட்டிப் பார்க்கத் தெரிஞ்ச ஆள்.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, தண்ணியால குளிர்விக்குற இன்ஜினோட உயிர் நாடியே சிலிண்டரைச் சுத்தி இருக்குற வாட்டர் ஜாக்கெட்தான். சிலிண்டர் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் நடுவுல தண்ணி ஓட ஒரு இடைவெளி. அந்தக் காலத்துல அதை மணல் கோர் வச்சுத்தான் வார்ப்பாங்க. கோர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் சுவர் தடிமனாகும், இன்னொரு பக்கம் மெலிசாகும், சூடு சமமா இறங்காது. அந்த வேலையைத் தினமும் செஞ்ச மனுஷன்தான் பின்னாடி தானே இன்ஜின் செய்ய உக்காந்தார்.

ஹார்லி பசங்களும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்

1900களோட தொடக்கம். பெட்ரோல் இன்ஜின் அப்போ இன்னைக்கு ஏ.ஐ. மாதிரி. எல்லா ஊர்லயும் யாராவது ஒருத்தர் ஷெட்டுல எதையாவது செஞ்சுகிட்டே இருப்பாங்க. ஓலேவும் சொந்தமா இன்ஜின் செய்யும் கடை போட்டார். கூட்டாளிகள் வந்தாங்க, போனாங்க. ஒண்ணும் சரியா நிலைக்கல.

அதே மில்வாக்கியில அதே காலத்துல வேற சில பசங்க சைக்கிள்ல இன்ஜின் மாட்ட முயற்சி பண்ணிட்டு இருந்தாங்க. முதல்ல செஞ்ச சின்ன இன்ஜின் மேடு ஏறத் திணறிச்சு. அடுத்ததா கொஞ்சம் பெரிய இன்ஜின் செய்யும்போது அவங்களுக்கு உதவி பண்ணினவர்கள்ல ஓலேவும் ஒருத்தர். அந்தப் பசங்க ஹார்லி, டேவிட்சன். ஆமா, நம்ம ஹாஸ்டல் சுவர்ல போஸ்டரா ஒட்டியிருக்குற அதே ஹார்லி டேவிட்சன்தான்.

ஓலே நல்ல வேலைக்காரர், ஆனா கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து எதுவும் அவருக்குச் சுத்தமா வராது. அந்த வேலைகளுக்கு உதவிக்கு வந்தவர் பெஸ் கேரி. அக்கம்பக்கத்துப் பெண், பிசினஸ் படிப்பு படிச்சவர். ரெண்டு பேரும் 1906ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அடுத்த வருஷம் மகன் ரால்ஃப் பிறந்தான். இந்தக் கதையில பெஸ் வெறும் மனைவி பாத்திரம் கிடையாது. இன்னைக்குப் பாஷையில சொன்னா அவர் கோ-ஃபவுண்டர்.

உருகிப்போன ஐஸ்கிரீம்

எவின்ரூட் மோட்டார் எப்படிப் பிறந்ததுன்னு காலங்காலமா சொல்லப்படுற ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய ஒரு கோடை நாள். மில்வாக்கிக்கு மேற்கே ஒக்காச்சி ஏரியில நண்பர்களோட பிக்னிக். நல்ல வெயில். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடணும்னு தோணிச்சு. ஐஸ்கிரீம் கிடைக்குறது ஏரியோட அக்கரையில. ஓலே படகை எடுத்துத் துடுப்பு போட்டுப் போய் வாங்கிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். வந்து சேரும்போது ஐஸ்கிரீம் பாதி சூப்பாகியிருந்தது.

கதையில எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்பதை விட்டுடுங்க. அதுக்குள்ள ஒரு சரியான இன்ஜினியரிங் கேள்வி இருக்கு. ஏற்கனவே இருக்குற சாதாரண துடுப்புப் படகை மாத்தாம, தூக்கிட்டு வந்து மாட்டி, வேலை முடிஞ்சதும் கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு மோட்டார் செய்ய முடியுமா?

நேர்மையா ஒண்ணு சொல்லிடணும். இந்த யோசனை ஓலேவுக்கு மட்டும் வந்தது இல்ல. ஃபிரான்ஸ்ல குஸ்தாவ் த்ரூவே 1880லயே படகுக்குப் பின்னாடி மாட்டுற மின்சார மோட்டாருக்கு பேடன்ட் வாங்கிட்டார். அமெரிக்காவுலயே கேமரன் வாட்டர்மேன் 1905ல பெட்ரோல் மோட்டாருக்கு விண்ணப்பம் போட்டு, 1906ல இருந்து விக்கவும் ஆரம்பிச்சுட்டார். அதனால அவுட்போர்டு மோட்டாரைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் எவின்ரூட்னு எழுதினா அது தப்பு. அவர் ஜெயிச்ச இடம் வேற. மெஷின் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள்கூட நம்பி ஏறுற மோட்டாரை அவர் செஞ்சார்.

62 பவுண்டு, 62 டாலர்

முதல் மோட்டாரைப் பார்த்தப்போ பெஸ்ஸுக்கு அது காபிக்கொட்டை அரைக்குற மெஷின் மாதிரிதான் தெரிஞ்சதாம். 1909ல சரியான வடிவம் வந்தது. ஒத்தை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஒன்றரை ஹார்ஸ்பவர். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர்தான்.

ஃப்ளைவீல் மேல ஒரு கைப்பிடி நீட்டிட்டு இருக்கும். அதைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தினா ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட் ஆனதும் கையை எடுக்கலேன்னா விரல் முட்டி போச்சு. கியர், நியூட்ரல் எதுவும் கிடையாது. இன்ஜின் ஓடினா படகு நகரும், நின்னா நிக்கும். கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தா நிக்கும். அதுல இருந்து ஒரு ஷாஃப்ட் நேரா தண்ணிக்குள்ள இறங்கி, கீழ பெவல் கியர் வழியா திசை திரும்பி ப்ரொப்பெல்லரைச் சுத்தும். இந்த அமைப்பு அடிப்படையில இன்னைக்கு வரைக்கும் மாறல.

ஒரு நண்பர் இதை வாங்கிட்டுப் போய் ஏரியில ஓட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது கையில 10 மோட்டாருக்கான ஆர்டரும் பணமும் இருந்ததாம். 1911ல பேடன்ட் கிடைச்சுது. 1912 வாக்குல ஃபேக்டரியில வேலை செஞ்சவங்க சுமார் 300 பேர்.

சூடு எங்க போகும்?

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜின் எரிபொருள்ல இருக்குற சக்தியில சுமார் கால் பங்கைத்தான் உருப்படியான வேலையா மாத்தும். பழைய இன்ஜின்கள் அதைவிட மோசம். மிச்சமெல்லாம் சூடு. ஒரு பகுதி புகையோட போயிடும், ஒரு பகுதி சிலிண்டர் சுவர்ல இறங்கும். எரியுற வாயுவோட வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் உருகுறது 660 டிகிரியில. அதாவது சூட்டைத் தொடர்ந்து வெளிய எடுக்கலேன்னா இன்ஜின் தன்னைத்தானே அழிச்சுக்கும். முதல்ல எண்ணெய்ப் படலம் போகும், அப்புறம் பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டரோட ஒட்டிக்கும். இதைத்தான் சீஸ் ஆயிடுச்சுன்னு சொல்றோம்.

இங்கதான் தண்ணி வருது. ஒரே கன அளவு எடுத்துக்கிட்டா, ஒரு டிகிரி சூடாக தண்ணி வாங்கிக்குற வெப்பம் காத்தை விட சுமார் 3500 மடங்கு அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒன்றரை ஹார்ஸ்பவர்னா 1.1 கிலோவாட். கிட்டத்தட்ட அதே அளவு சூடு வாட்டர் ஜாக்கெட்டுக்குப் போகுதுன்னு வச்சுக்கலாம். நிமிஷத்துக்கு வெறும் 1 லிட்டர் தண்ணி ஓடினா போதும், உள்ள போனதை விட சுமார் 16 டிகிரி மட்டும் சூடாகி வெளிய வரும். நிமிஷத்துக்கு ஒரு வாட்டர் பாட்டில் தண்ணி, ஒரு இன்ஜினைக் காப்பாத்திடும்.

அதனாலதான் எவின்ரூட் மோட்டார் ஏரித் தண்ணியையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுத்தி ஓடவிட்டு, திரும்ப ஏரியிலயே விட்டது. ரேடியேட்டர் வேணாம், ஃபேன் வேணாம், கூலன்ட் டேங்க் வேணாம். எடை மிச்சம். ஏரியே ரேடியேட்டர்.

ஆனா இந்த வசதிக்குள்ளேயே சிக்கலும் இருக்கு. ஏரியே கூலன்ட்னா ஏரியில மிதக்குற பாசி, மணல், கடலா இருந்தா உப்பு, இன்னைக்கு பிளாஸ்டிக் கவர், எல்லாமே இன்ஜினுக்குள்ள நுழையப் பார்க்கும். சுத்தி எவ்வளவு தண்ணி இருந்தாலும், உள்ள போற வாசல் விரல் அகலம்தான். அது அடைஞ்சா கதை முடிஞ்சது. படகு இன்ஜின் ஓவர்ஹீட் ஆகுறது பெரும்பாலும் தண்ணி இல்லாததால இல்ல, தண்ணி உள்ள போகாததால.

ஓவர்ஹீட் ஆனா என்ன பண்ணணும்?

ஓலேவோட கதையில கொஞ்சம் இடைவெளி விட்டு, இதையும் தெரிஞ்சுக்கலாம். இன்னைக்கு இருக்குற பெரும்பாலான அவுட்போர்டு மோட்டார்கள்ல பின்பக்கமா ஒரு சின்ன ஓட்டையில இருந்து தண்ணி கம்பி மாதிரி பீச்சி அடிச்சுட்டே இருக்கும். பம்ப் வேலை செய்யுதுன்னு அது தர்ற சாட்சி. படகு ஓட்டத் தெரிஞ்சவங்க அடிக்கடி திரும்பிப் பார்க்குறது அதைத்தான்.

அந்தத் தண்ணி நின்னாலோ, மெலிஞ்சாலோ, ஆவியா வந்தாலோ, அலாரம் அடிச்சாலோ முதல் வேலை த்ராட்டிலைக் குறைச்சு நியூட்ரலுக்கு வர்றது. தண்ணி சுத்தமா வரலேன்னா இன்ஜினை உடனே அணைச்சுடணும். இன்னும் கொஞ்ச தூரம்தான்னு ஓட்டுறதுதான் சூட்டை சீஸ் ஆக்குற தப்பு. ஆழம் குறைவா இருந்தா நங்கூரம் போடணும், இல்லேன்னா நீங்க இன்ஜினைப் பார்க்குற நேரத்துல படகு பாறை பக்கம் போயிடும்.

அப்புறம் மோட்டாரைச் சாய்ச்சு மேல தூக்கி, கீழ தண்ணி உறிஞ்சுற இடத்தைப் பார்க்கணும். பாசியோ கவரோ சுத்தியிருந்தா எடுத்துடணும். பீச்சி அடிக்குற அந்தச் சின்ன ஓட்டையே உப்பாலயோ மணலாலயோ அடைஞ்சிருக்கலாம். மெல்லிசான கம்பியால குத்தி எடுக்கலாம். பல நேரம் பிரச்சனை இதோட முடிஞ்சுடும்.

செய்யவே கூடாத ஒண்ணு இருக்கு. கொதிக்குற இன்ஜின் மேல பக்கெட் தண்ணியை ஊத்தக் கூடாது. வெளிச் சுவர் திடீர்னு சுருங்கும், உள்ள இன்னும் விரிஞ்சே இருக்கும். விரிசல் விடலாம், சிலிண்டர் ஹெட் வளையலாம். தெர்மல் ஸ்ட்ரெஸ் பாடத்துல படிச்சது இதுதான். பொறுமையா அதுவா ஆறட்டும். பெரிய படகுகள்ல உள்ள இருக்குற இன்ஜினா இருந்து, கூலன்ட் தொட்டிக்கு மூடி இருந்தா, சூடா இருக்கும்போது அதைத் திறக்கவும் கூடாது. அழுத்தத்துல இருக்குற கொதிநீர் முகத்துல அடிக்கும்.

ஆறினதும் ஸ்டார்ட் பண்ணி, தண்ணி பீச்சுதான்னு பார்த்துட்டு, மெதுவா கரைக்கு வரலாம். சுத்தம் பண்ணியும் தண்ணி வரலேன்னா பெரும்பாலும் காரணம் பம்புக்குள்ள இருக்குற ரப்பர் இம்பெல்லர். அதுக்குத் தண்ணிதான் லூப்ரிகன்ட். கரையில டெஸ்ட் பண்றேன்னு தண்ணி இல்லாம கொஞ்ச நேரம் ஓட்டினாலே அதோட இதழ்கள் தேய்ஞ்சு கிழிஞ்சுடும். அதை மாத்தாம கடலுக்குப் போகக் கூடாது. கடல்ல ஓடின இன்ஜினைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டு ஓட்டிக் கழுவணும். இல்லேன்னா உப்பு உள்ள படிஞ்சு, ரத்தக் குழாயில கொழுப்பு சேர்ற மாதிரி பாதையைச் சுருக்கிடும். எல்லாத்துக்கும் மேல, படகுல ஒரு துடுப்பு கண்டிப்பா இருக்கணும்.

துடுப்புன்னதும் பெஸ் ஞாபகம் வருது.

பெஸ் எழுதின விளம்பரம்

கம்பெனியோட விளம்பர வாசகங்களை எழுதினது பெஸ்தான். துடுப்பு வலிக்குறதை விடுங்க, துடுப்பைத் தூக்கிப் போட்டுட்டு எவின்ரூட் மோட்டாரை மாட்டுங்க என்ற அர்த்தத்துல அவர் எழுதின விளம்பரம் அமெரிக்கா முழுக்கப் பரவிச்சு. வெளிநாட்டு ஆர்டர்களையும் அவர்தான் பார்த்துக்கிட்டார். ஸ்காண்டிநேவிய மீனவர்கள் நிறைய வாங்கினாங்க. ஓலே பிறந்த நார்வே கடலுக்கே அவர் மோட்டார் திரும்பிப் போச்சு. ஏரியில ஐஸ்கிரீம் வாங்கப் போறவருக்கு மோட்டார் ஒரு சொகுசு. குளிர்ந்த கடல்ல வலை வீசுறவருக்கு அது பாதி உடம்பு வலியைக் குறைக்குற விஷயம். அதே சமயம், நடுக்கடல்ல அது நின்னா நஷ்டம் அவருக்குத்தான்.

ஆனா ஓடுற எதுவும் சூடாகும். பகல்ல ஆபீஸ், ராத்திரி கணக்கு, நடுவுல கைக்குழந்தைன்னு வருஷக்கணக்கா ஓடின பெஸ்ஸோட உடம்பு தாங்கல. 1914 வாக்குல ஓலே ஒரு முடிவு எடுத்தார். தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயர்கிட்ட வித்துட்டார். அடுத்த 5 வருஷம் அவுட்போர்டு மோட்டார் தொழில்ல இறங்க மாட்டேன்னு ஒப்பந்தம். தன் பேர்ல ஓடுற கம்பெனி, தான் டிசைன் பண்ணின மோட்டார், எல்லாம் உச்சத்துல இருக்கும்போது மனைவியோட உடல்நலத்துக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வெளிய வந்தார்.

த்ராட்டிலைக் குறை, நியூட்ரலுக்கு வா, ஆறட்டும். அவர் மெஷினுக்குப் பொருந்துறதை வீட்டுலயும் செஞ்சார்னுதான் எனக்குத் தோணுது. குடும்பமா காரிலும் படகிலும் ஊர் சுத்தினாங்க. பெஸ் தேறினார்.

எல்டோ: ரெண்டாவது ஸ்டார்ட்

ஊர் சுத்தினாலும் இன்ஜினியர் மூளை சும்மா இருக்காது. பழைய மோட்டாரோட குறை ஓலேவுக்கு நல்லாவே தெரியும். 28 கிலோவைத் தூக்கி மாட்டுறது கஷ்டம். ஒத்தை சிலிண்டர் இன்ஜின் படகையே உலுக்கும். புது டிசைன்ல ரெண்டு சிலிண்டரை எதிர் எதிரா வச்சார். ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரத்துல எதிர்த் திசையில போகும்போது ஒண்ணோட அதிர்வை இன்னொண்ணு அடக்கிடும். பல பாகங்களை அலுமினியத்துல செஞ்சார். சக்தி 3 ஹார்ஸ்பவர், முன்னாடி இருந்ததை விட ரெண்டு மடங்கு. எடையோ 50 பவுண்டுக்கும் கீழ.

நல்ல மனசோட முதல்ல அதைப் பழைய கூட்டாளி மேயர்கிட்டயே கொண்டு போய்க் காட்டினார். மேயருக்கு ஆர்வம் இல்ல. ஒப்பந்தக் காலமும் முடிஞ்சிருந்தது. ஆனா எவின்ரூட் என்ற தன் சொந்தப் பேரையே கம்பெனிக்கு வைக்க முடியாத நிலைமை. அது ஏற்கனவே வித்தாச்சே! எவின்ரூட்டின் எடை குறைந்த இரட்டை சிலிண்டர் அவுட்போர்டு என்று பொருள் தர்ற ஆங்கிலச் சொற்களோட முதல் எழுத்துகளைச் சேர்த்து எல்டோன்னு பேர் வச்சார். 1921ல எல்டோ கம்பெனி சந்தைக்கு வந்தது. பெஸ்ஸும் மறுபடி ஆபீஸ்ல உக்காந்தார்.

சொந்தப் பேர்ல இருக்குற கம்பெனியோடயே போட்டி போட வேண்டிய நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போதாததுக்கு இண்டியானாவுல ஜான்சன் சகோதரர்கள் இன்னும் எடை குறைஞ்ச மோட்டாரோட வந்தாங்க. 1920கள் முழுக்க மும்முனைப் போட்டி. எடை குறைஞ்சுது, வேகம் ஏறிச்சு. 1928ல எல்டோ நாலு சிலிண்டர் மோட்டாரே கொண்டு வந்தது.

1929ல காலம் ஒரு சுத்து சுத்தி வந்தது. எல்டோ, பழைய எவின்ரூட் கம்பெனி, லாக்வுட் என்ற இன்னொரு கம்பெனி மூணும் ஒண்ணா சேர்ந்து அவுட்போர்டு மோட்டார்ஸ் கார்ப்பரேஷன் ஆச்சு. தலைவர் ஓலே. 15 வருஷத்துக்கு முன்னாடி வித்த தன் பேர் திரும்பக் கையில வந்தது. ஆனா வந்த நேரம் சரியில்ல. அதே வருஷக் கடைசியில பங்குச்சந்தை சரிஞ்சு பெரும் பொருளாதார மந்தம் தொடங்கிச்சு. உல்லாசப் படகு வாங்க யார்கிட்ட காசு இருக்கும்?

பெஸ் உடல்நிலை காரணமா அதுக்குள்ள வேலையில இருந்து ஒதுங்கியிருந்தார். 1933ல காலமானார். அடுத்த வருஷமே, 1934 ஜூலை 12ல, ஓலேவும் போய்ச் சேர்ந்தார். வயசு 57. மகன் ரால்ஃப் பொறுப்பை எடுத்துக்கிட்டார். ரெண்டு வருஷத்துக்குள்ள ஜான்சன் கம்பெனியும் இவங்களோட இணைஞ்சுது.

எவின்ரூட் பேர் அதுக்கப்புறமும் நிறைய வருஷம் தண்ணி மேல ஓடிச்சு. 2000 டிசம்பர்ல தாய்க் கம்பெனி திவாலாச்சு. பொம்பார்டியர் வாங்கி நடத்தினாங்க. கோவிட் சமயத்துல, 2020 மே மாசம், எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. நூத்திப் பத்து வருஷத்துக்கு மேல ஓடின பேர்.

நமக்கு என்ன?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுல நம்மகிட்ட கேக்குற முதல் கேள்வி எப்பவும் இதுல நாவல்டி என்னன்னுதான். எவின்ரூட்கிட்ட அதைக் கேட்டிருந்தா அவருக்கு மார்க் குறைஞ்சிருக்கும். டூ ஸ்ட்ரோக் ஏற்கனவே இருந்தது. வாட்டர் ஜாக்கெட் இருந்தது. அவுட்போர்டே இருந்தது. அவர் செஞ்சது வேற. டெமோ நடக்குற டேபிளை விட்டு வெளிய போய், தனியா தண்ணி நடுவுல இருக்குற ஒரு ஆளோட கையில இந்த மெஷின் என்ன ஆகும்னு யோசிச்சார். அவருக்கு மெஷின் தெரியாது, கையில ஸ்பேனர் ஒண்ணோ ரெண்டோ இருக்கும், உதவிக்கு ஆள் இல்ல. அந்த ஆளுக்காகத்தான் எடையைக் குறைச்சார், அதிர்வைக் குறைச்சார்.

இன்னொண்ணும் இருக்கு. ப்ளேஸ்மென்ட், அரியர், ப்ராஜெக்ட்னு நம்ம எல்லாரோட இன்ஜினும் இப்போ சிவப்பு கோட்டுக்குப் பக்கத்துலதான் ஓடுது. கொஞ்ச தூரம்தான்னு அழுத்திட்டே போகத் தோணும். ஓலே நல்லா ஓடுற கம்பெனியை விட்டு அஞ்சு வருஷம் விலகி இருந்தார், திரும்பி வந்து முன்னாடி செஞ்சதை விட நல்ல மோட்டார் செஞ்சார். அஞ்சு வருஷமெல்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாது. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போதும்.

அடுத்த தடவை கடற்கரைக்குப் போகும்போது, கரை திரும்புற படகோட மோட்டார் பின்னாடி பாருங்க. சின்னதா ஒரு கம்பி மாதிரி தண்ணி பீச்சிட்டு இருந்தா, உள்ள எல்லாம் சரியா ஓடுதுன்னு அர்த்தம்.

அடுத்த இதழ்ல இன்னொரு இன்ஜினியரோட கதையோட சந்திப்போம்!